கண்ணாடி இறால்: சிறு சரக்குக்கும் பெரிய பொறுப்பு உண்டு

அலங்கார மீன் வணிகத்தில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்குக் கண்ணாடி இறாலைப் பற்றிப் புதிதாக அறிமுகம் தேவையில்லை. 'கோஸ்ட் ஷ்ரிம்ப்' என்றும் 'கிளாஸ் ஷ்ரிம்ப்' என்றும் கடைகளில் கேட்கப்படும் சிறிய நன்னீர் இறால்தான் அது. உடல் முழுவதும் நிறமற்று, கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். சாப்பிட்ட இரை வயிற்றில் இறங்குவதைக்கூட வெளியிலிருந்தே பார்க்கலாம். விலை குறைவு, இடம் அதிகம் தேவையில்லை, குழந்தைகளைக் கவர்ந்து இழுக்கும். இந்த மூன்று காரணங்களால் இது நன்றாகப் போகும் சரக்கு.

ஆனால் விற்ற ஒரு வாரத்திலேயே "எல்லாம் செத்துவிட்டதே!" என்று வாடிக்கையாளர் திரும்பி வரும் சரக்கும் இதுவேதான். பத்து இறால் வாங்கிச் சென்ற பையனின் தொட்டியில் பத்தும் மிதந்தால், அவன் இறாலோடு நிறுத்திக்கொள்வதில்லை. தொட்டியையே மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறான். அதோடு தீவனம், வடிகட்டி, செடி, மீன் என்று ஆண்டுக்கணக்கில் நம்மிடம் வாங்கியிருக்க வேண்டிய ஒரு குடும்பத்தை நாம் இழக்கிறோம். ஆகவே இந்தச் சிறு உயிரைப் பற்றி விற்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருவது பயனுள்ளது.

பெயர் ஒன்று, சரக்கு பல

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கண்ணாடி இறால் என்பது ஒரே ஓர் இனத்தின் பெயரல்ல. அமெரிக்காவில் இந்தப் பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது 'பேலமோன் பலுடோசஸ்' என்ற இனம். 1850ஆம் ஆண்டு கிப்ஸ் என்பவர் இதை அறிவியல் முறைப்படி விவரித்தார். ஃபுளோரிடா உள்ளிட்ட தென்கிழக்கு மாநிலங்களின் ஏரிகளிலும் ஓடைகளிலும் நீர்ச்செடிகளுக்கிடையே வாழ்வது. சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர் வரை வளரும். ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு.

ஆசியாவில் அதே பெயரில் வருபவை வேறு. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் 'மேக்ரோபிராக்கியம் லாங்கெஸ்டரி' என்ற இனம் புழக்கத்தில் உள்ளது. நம் நாட்டு ஆறு, ஏரி, குளங்களில் 'மேக்ரோபிராக்கியம் லமாரி' என்ற சிற்றிறால் இயற்கையாகவே வாழ்கிறது. இதுவும் கண்ணாடி போன்ற உடல் கொண்டதே. மீன் வலையில் மற்ற பொடி மீன்களோடு சேர்ந்து வரும். ஆக, நம் மொத்த வியாபாரி 'கிளாஸ் ஷ்ரிம்ப்' என்று அனுப்பும் பையில் எது இருக்கிறது என்பதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் முறை.

இதில் ஏமாற்றம் எங்கே வருகிறது? ஆற்று இறாலின் குஞ்சும் இளமையில் ஊடுருவித் தெரியும் உடலோடுதான் இருக்கும். 'ஸ்கேம்பி' என்று ஏற்றுமதிச் சந்தையில் பேசப்படும் 'மேக்ரோபிராக்கியம் ரோசன்பர்கி' இனம் அது. வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும். இரவு நேரத்தில் தூங்கும் சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும். 'சாதுவான இறால்' என்று சொல்லி விற்ற சரக்கு, மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளரின் நியான் டெட்ராக்களை ஒவ்வொன்றாகக் காலி செய்தால் பழி நம் தலையில்தான் விழும்.

அடையாளம் காண்பது கடினமல்ல. ஆற்று இறால் குஞ்சின் மார்பு ஓட்டின் பக்கவாட்டில் நீளவாக்கில் கருமையான கோடுகள் தெரியும். வளர வளர இரண்டாவது ஜோடிக் கால்கள் மிக நீண்டு, நுனியில் இடுக்கி தடித்துவிடும். கண்ணாடி இறாலுக்கும் இடுக்கி உண்டு. ஆனால் அது மெல்லிய நூல் போன்றது. சரக்கு வந்ததும் வெள்ளைத் தட்டு ஒன்றில் சிறிது நீரோடு விட்டுப் பார்த்தால், நீண்ட இடுக்கி உள்ளவற்றைத் தனியே பிரித்துவிடலாம். பிரித்தவற்றை அவற்றின் உண்மைப் பெயரைச் சொல்லியே விற்கலாம். பெரிய தொட்டியில் தனியாக வளர்க்க விரும்புவோர் இருக்கிறார்கள்.

சேதாரக் கணக்கு

கண்ணாடி இறாலில் இலாபம் என்பது விற்பனை விலையில் இல்லை, சேதாரத்தில்தான் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்று 5 ரூபாய் அடக்கத்தில் 100 இறால் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் போட்ட தொகை 500 ரூபாய். விற்பனை விலை 10 ரூபாய்.

10 இறால் மட்டும் இறந்தால் மீதி 90. வரவு 900, இலாபம் 400. 40 இறால் இறந்தால் மீதி 60. வரவு 600, இலாபம் 100 மட்டுமே. இதில் மின்கட்டணமும் ஆள் கூலியும் கழித்தால் கையில் நிற்பது ஒன்றுமில்லை. இறந்தவற்றுக்குப் பதில் கேட்டு வரும் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் நட்டம்தான். கொள்முதலில் ஒரு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவதைவிட, சேதாரத்தைப் பாதியாகக் குறைப்பது அதிக இலாபம் தரும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

சேதாரம் தொடங்கும் இடம் பாலிதீன் பை. இறாலின் தலை முன் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை மெல்லிய பையைக் குத்திவிடும். எனவே இரட்டைப் பை அவசியம். பைக்குள் பிடித்துக்கொள்ள ஒரு கொத்துப் பாசியோ சிறு வலைத்துண்டோ போட்டால், ஒன்றின் மேல் ஒன்று குவிந்து நசுங்காது. நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து நீரின் காரத்தன்மை குறைந்திருக்கும். அதனால் கழிவிலிருந்து வந்த அம்மோனியா அதிகத் தீங்கு செய்யாமல் அடங்கிக் கிடக்கும். பையை அவிழ்த்ததும் அந்த வாயு வெளியேறி, காரத்தன்மை உயர்ந்து, அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. ஆகவே பையைத் திறந்து போட்டுவிட்டு மதிய உணவுக்குப் போவது கூடாது. முதலில் பையைக் கட்டியபடியே தொட்டி நீரில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். பிறகு வாளியில் கொட்டி, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் இறாலை வலையால் அள்ளித் தொட்டியில் விட்டுவிடலாம். பயண நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

இந்தக் கடைசி எச்சரிக்கைக்குத் தனிக் காரணம் உண்டு. 1994-95இல் நம் கடற்கரை மாவட்டங்களின் இறால் பண்ணைகளைச் சீரழித்த வெண்புள்ளி நோயை வயதான உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நோய்க்கிருமி கடல் இறாலோடு நிற்பதில்லை. நன்னீர் இறால், நண்டு முதலியவற்றையும் பற்றக்கூடியது. எந்தக் குளத்து நீர் என்று தெரியாத நீரை நம் கடைத் தொட்டியில் கலப்பது, எல்லாத் தொட்டிகளையும் பந்தயத்தில் வைப்பதற்குச் சமம். புதிய சரக்கைக் குறைந்தது ஒரு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு வைத்திருந்து பிறகு விற்பனைக்கு எடுப்பதே சரி.

நீர்தான் எல்லாம்

வாடிக்கையாளரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை வேண்டும்?" என்பதல்ல. "தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது?" என்பதுதான். நேற்று வைத்த தொட்டி என்றால் இறாலை அன்று விற்கக் கூடாது. புதிய தொட்டியில் கழிவை உடைக்கும் நுண்ணுயிர்கள் இருக்காது. அவை பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நிலை வர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் தாங்கும் அளவு அம்மோனியாவைக்கூட இறால் தாங்காது. "ஒரு மாதம் கழித்து வாருங்கள், எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி அனுப்பும் கடைக்காரரை எந்த வாடிக்கையாளரும் வெறுத்ததில்லை. அன்றைக்கு ஒரு வடிகட்டியும் செடியும் விற்கலாம், அடுத்த மாதம் இறால் விற்கலாம்.

இரண்டாவது, குழாய் நீரில் உள்ள குளோரின். ஒரு நாள் அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்தால் வெறும் குளோரின் பறந்துவிடும். குளோரமைன் கலந்த நீரில் இந்த வித்தை பலிக்காது. ஆன்டி குளோரின் மருந்தை அளவோடு சேர்ப்பதே பாதுகாப்பு. அதன் அடிப்படைப் பொருள் பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட், அதாவது பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஹைப்போ என்று வைத்திருந்த அதே உப்பு.

மூன்றாவது, நம் ஊர் வீடுகளில் நடக்கும் ஒரு தவறு. குடிக்கும் ஆர்.ஓ. நீர் சுத்தமானது என்று நம்பி அதையே தொட்டி முழுக்க ஊற்றிவிடுகிறார்கள். மனிதனுக்கு நல்லது இறாலுக்கும் நல்லது என்ற எண்ணம். இறால் வளர்வதற்கு அடிக்கடி தன் ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட வேண்டும். புது ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. ஆர்.ஓ. நீரில் அது ஏறக்குறைய இருப்பதில்லை. ஓட்டைக் கழற்ற முடியாமல் பாதியிலேயே சிக்கி இறாலின் உயிர் போய்விடும். ஓரளவு கடினத்தன்மை உள்ள ஆழ்குழாய் நீர் இதற்கு உண்மையில் உகந்தது. உப்பு மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் மட்டும் ஆர்.ஓ. நீரைக் கலந்து அளவைக் குறைத்துக்கொள்ளலாம். நீரின் பி.எச். 7 முதல் 8 வரை இருப்பது நல்லது.

நான்காவது, வெயில். 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இந்த இறாலுக்குச் சௌகரியம். 20 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் அடைசலான கடைக்குள் மின்சாரமும் போய்விட்டால் முதலில் விழுவது இறால்தான். தொட்டியின் மேல் மூடியைத் திறந்து வைப்பது, சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிடுவது, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது ஆகிய மூன்றும் கோடையில் முதலைக் காப்பாற்றும். வடிகட்டிகளில் பஞ்சு வடிகட்டியே இதற்குச் சிறந்தது. குஞ்சுகளை உள்ளே இழுக்காது, விலையும் குறைவு.

மருந்தும் கொசு விரட்டியும்

நம் கடைகளில் மீன் மருந்துப் புட்டிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் தாமிரம் உண்டு. மயில்துத்தம் என்று நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அதே பொருள்தான். மீனின் வெள்ளைப் புள்ளி நோயையும் நத்தையையும் போக்குவதற்கு அது உதவும். ஆனால் இறால் இருக்கும் தொட்டியில் விட்டால் இறாலும் போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இறாலின் இரத்தமே தாமிரம் கலந்ததுதான். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் இரத்தத்தில் தாமிரம் செய்கிறது. இருந்தாலும் நீரில் கரைந்த தாமிரம் கூடினால் அதற்கு நஞ்சு. இறால் வாங்குபவரிடம் "வீட்டில் மீனுக்கு மருந்து போட்டிருக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நம் கடமை.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத எதிரி கொசு மருந்து. பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்துகள் இறால் இனங்களுக்குக் கடும் நஞ்சு. இரவில் கடையை மூடும்போது கரப்பானுக்கு மருந்து அடித்துவிட்டுப் போனால், காற்று மோட்டார் அந்தக் காற்றையே இழுத்துத் தொட்டிக்குள் ஊதும். காலையில் வந்து பார்த்தால் மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும், இறால்கள் மட்டும் மல்லாந்து கிடக்கும். சரக்கு மோசம் என்று மொத்த வியாபாரியோடு சண்டைக்குப் போகுமுன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பூச்சி மருந்து தெளித்து வளர்க்கப்பட்ட நீர்ச்செடிகளும் இதே கேட்டைச் செய்யும். புதுச் செடியைச் சில நாள் தனி நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே இறால் தொட்டியில் நட வேண்டும்.

எதனோடு சேர்க்கலாம், என்ன கொடுக்கலாம்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் மணல் போக ஏறக்குறைய 45 லிட்டர் நீர் நிற்கும். அதில் 20 முதல் 25 இறால் வரை தாராளமாக வாழலாம். கப்பி, நியான் டெட்ரா, ரஸ்போரா, நத்தை ஆகியவற்றோடு சேரும். தங்கமீன், ஏஞ்சல், ஆஸ்கார், பெரிய கௌராமி ஆகியவற்றோடு சேர்த்தால் அது இரையாகிவிடும். ஒளிந்துகொள்ளச் செடிப் புதரும் கல்லிடுக்கும் கட்டாயம் வேண்டும். ஓடு கழற்றிய இறால் ஓரிரு நாள் மென்மையாகவே இருக்கும். அந்த நேரத்தில் மறைவிடம் இல்லாவிட்டால் உடன் இருக்கும் இறால்களே அதைக் கொறித்துவிடும்.

'தொட்டியைத் தானே சுத்தம் செய்யும்' என்று சொல்லி இதை விற்பவர்கள் உண்டு. பாசியையும் மீதித் தீவனத்தையும் பொறுக்கித் தின்பது உண்மை. ஆனால் அதை மட்டும் நம்பிவிட்டால் இறால் பட்டினியில் வாடும். அழுக்கைப் பெருக்கித் தள்ள அதனால் முடியாது, நீர் மாற்றும் வேலையும் நமக்கு மிச்சமாகாது. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு ஒருமுறை சிறு அளவு மீன் தீவனமோ, வேகவைத்த கீரைத் துணுக்கோ, வெள்ளரித் துண்டோ போட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் மீந்ததை எடுத்துவிட வேண்டும்.

தொட்டியில் அசையாமல் கிடக்கும் வெற்று ஓட்டைப் பார்த்து 'செத்துவிட்டது' என்று பதறி வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு அடையாளம் சொல்லிக்கொடுங்கள். கழற்றிய ஓடு உள்ளீடற்று, ஊடுருவித் தெரியும். அதை அப்படியே விட்டுவைத்தால் இறால்கள் தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறும். செத்த இறாலோ பால் போல் வெளுத்தோ, இளஞ்சிவப்பாகவோ மாறிவிடும். அதை உடனே எடுத்துவிட வேண்டும்.

குஞ்சு பொரிக்குமா?

வாடிக்கையாளர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. பெண் இறால் வயிற்றுக்கடியில் பச்சை நிற முட்டைகளைக் கொத்தாகச் சுமந்து, கால்களால் விசிறிக்கொண்டிருப்பதைத் தொட்டியிலேயே காணலாம். நல்ல வெப்பநிலையில் சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும். ஆனால் வெளிவருவது குட்டி இறால் அல்ல, நீரில் மிதக்கும் தூசி போன்ற இளவுயிர். பல நிலைகள் கடந்துதான் இறால் உருவம் பெறும். மீன் உள்ள தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சாது. தாயை முன்கூட்டியே தனித் தொட்டிக்கு மாற்றி, பொரித்ததும் தாயை எடுத்துவிட்டு, நுண்ணிய இரையும் பொரித்த உடனான ஆர்டீமியாவும் கொடுத்தால் சில பிழைக்கும். செர்ரி இறாலோடு இதை ஒப்பிட்டுக் காட்டலாம். அது நேரடியாகக் குட்டி இறாலாகவே பொரிப்பதால் வீட்டில் எளிதில் பெருகும். 1980களில் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ பிரபலப்படுத்திய அமானோ இறாலின் இளவுயிருக்கோ உப்பு நீர் வேண்டும். பெருக்க விரும்புவோருக்குச் செர்ரி, பார்த்து மகிழ விரும்புவோருக்குக் கண்ணாடி என்று நேர்மையாகப் பிரித்துச் சொன்னால் இரண்டு சரக்கும் விற்கும்.

ஏரியில் விடக் கூடாது

வேண்டாம் என்றானதும் இறாலையும் மீனையும் அருகில் உள்ள ஏரியில் கொண்டுபோய் விடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்கள் அதிகம். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி சுத்தம் செய்ய வந்த 'சக்கர்' மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, வலையில் வேண்டாத மீனாக விழுந்து மீனவர்களின் வயிற்றில் அடிக்கிறது. வெளிநாட்டு இறாலும் அதன் நோயும் நம் ஏரிகளில் கலந்தால், நம் நாட்டுச் சிற்றிறாலுக்கும் அதை நம்பிய மீன்களுக்கும் கேடு. வெளிநாட்டுச் சரக்கு வாங்கும் உறுப்பினர்கள், அது மத்திய அரசின் சுகாதார இறக்குமதி அனுமதியோடு வந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். வாடிக்கையாளர் வளர்க்க முடியாமல் திருப்பிக் கொண்டுவந்தால், காசு தராவிட்டாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரிக்குப் போவதைத் தடுத்த பயன் கிடைக்கும்.

கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தைக்கு அருகில் இருப்பவர்களுக்குச் சரக்கு எளிதில் கிடைக்கிறது. வெளியூர் உறுப்பினர்களோ இரவுப் பேருந்தில் ஏற்றி வர வேண்டியிருக்கிறது. எங்கிருந்தாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கீழ்க்கண்டவற்றைக் கால் பக்கத் துண்டுத்தாளில் அச்சிட்டு ஒவ்வொரு இறால் பையோடும் கொடுக்கலாம்: ஒரு மாதம் ஓடிய தொட்டியில் மட்டும் விடவும், குளோரின் நீக்கிய நீர், முழுக்க ஆர்.ஓ. நீர் வேண்டாம், தாமிர மருந்து வேண்டாம், கொசு மருந்து அருகில் அடிக்க வேண்டாம், பெரிய மீனோடு சேர்க்க வேண்டாம், ஏரியில் விட வேண்டாம். ஏழு வரிகள்தான். தாளின் அடியில் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். அச்சுக் கூலி சில பைசாக்களில் முடிந்துவிடும். ஐந்து பத்து ரூபாய் சரக்கை விற்கும்போதும் விவரம் சொல்லி விற்ற கடைக்குத்தான், நான்கடித் தொட்டி வாங்கும் நாளில் அந்தக் குடும்பம் திரும்பி வரும்.